கொடுத்த உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தம்: ரெட் ஹேட் நிறுவனத்துக்குக் கண்டனம்

ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் என்ற சர்வர் இயங்குதளத்தின் மூலநிரலை இனிப் பொதுவெளியில் வைக்கப்போவதில்லை என்று ரெட் ஹேட் நிறுவனம் 2023 ஜூன் 21 அன்று அறிவித்தது. சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் வாடிக்கையாளர் தளத்தில் அது கிடைக்கும். மற்றவர்கள் சென்ட் ஓஎஸ் ஸ்ட்ரீம் என்ற வளர்நிலைப் பதிப்பின் நிரலை எடுத்துக்கொள்ளலாம். சந்தா கட்டி நிரலைப் பெறுகிறவர் அதைப் பிறருக்குக் கொடுத்தால் சந்தாவே போய்விடலாம் என்கிறது அந்நிறுவனத்தின் ஒப்பந்தம். இந்த முடிவை எங்கள் லினக்ஸ் பயனர் சங்கத்தின் செயற்குழு வன்மையாகக் கண்டிக்கிறது. இந்த இயங்குதளத்தைக் கட்டற்ற மென்பொருள் என்று அழைக்கும் தகுதியை ரெட் ஹேட் இழந்துவிட்டது என்பது எங்கள் முடிவு. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் முடிவைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன பாத்தியதை என்று கேட்கக்கூடும். எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் சர்வர் அறையில் வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேர் மொழிபெயர்ப்பாளர்கள். அலுவலகம் விட்டு வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, க்னோம் முதலான மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள். அந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ‘பிஓ’ என்று முடியும் ஒரு கோப்பைத் திறந்தால், ஒரு வரியில் ஆங்கிலச் சொல்லும் அதற்கடுத்த வரியில் காலியான மேற்கோள் குறியும் இருக்கும். அந்தக் காலி இடத்தை நிரப்பவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் ‘கோப்பு’ என்று போடுவதா ‘ஃபைல்’ என்று போடுவதா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். ‘அடைவு’, ‘உலாவி’, ‘சாளரம்’ எல்லாம் இப்படித்தான் நிலைபெற்றன. ஒரு பைசா வாங்காமல் செய்த வேலை அது. இயங்குதளத்தை நிறுவும்போது மொழிப் பட்டியலில் ‘தமிழ்’ என்று வருகிறதே, அதற்குப் பின்னால் இந்த இரவுகள் இருக்கின்றன. ரெட் ஹேட் விற்கும் பெட்டிக்குள் எங்கள் உழைப்பும் ஒரு சிட்டிகை கிடக்கிறது. பாத்தியதை அங்கிருந்து வருகிறது.

ரெட் ஹேட் தமிழுக்குச் செய்ததையும் மறைக்கக்கூடாது. லோகித் எழுத்துருக் குடும்பத்தை 2004-இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிட்டது அந்த நிறுவனம்தான். லினக்ஸில் ஒழுங்கான தமிழ் எழுத்துரு கிடைக்காத காலத்தில் ‘லோகித் தமிழ்’ பலருக்கு முதல் துணையாக இருந்தது. லினக்ஸின் மையமான கெர்னல், ஜிசிசி என்ற தொகுப்பி, க்னோம் என்று எதை எடுத்தாலும் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதிய நிரல் அதில் நிறைய இருக்கிறது. எங்கள் கண்டனம் அந்தப் பொறியாளர்கள் மீதல்ல. அவர்களில் சிலர் எங்கள் கூட்டங்களுக்கு வந்து பாடம் எடுத்தவர்கள். அவர்கள் எழுதியதை யாருக்கும் கொடுக்காதே என்று மிரட்டும் ஒப்பந்தத்தின் மீதுதான் எங்கள் கோபம்.

முதலில் எதைக் கண்டிக்கவில்லை என்று தெளிவுபடுத்திவிடுகிறோம். ரெட் ஹேட் பணம் வாங்குவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் விலையில்லாததையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கே நாற்பது ஆண்டுகளாக இதை விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கட்டற்ற மென்பொருளை விற்கலாம். என்ன விலைக்கும் விற்கலாம். ஜிபிஎல் உரிமமே அதை அனுமதிக்கிறது. மூலநிரலை ஊருக்கெல்லாம் இணையத்தில் போட்டுவைக்கவேண்டும் என்றும் அந்த உரிமம் சொல்லவில்லை. யாருக்கு மென்பொருளைக் கொடுத்தாயோ அவருக்கு நிரலையும் கொடு என்றுதான் சொல்கிறது. ஆகவே, பொதுத் தளத்திலிருந்து நிரலை எடுத்தது மட்டும் நடந்திருந்தால் நாங்கள் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போயிருப்போம். கண்டனம் வேறு இடத்தில் இருக்கிறது.

லினக்ஸ் கெர்னலின் உரிமம் 1991-இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. அதன் ஆறாவது பிரிவு, பெறுபவருக்கு உரிமம் தந்த உரிமைகளைப் பயன்படுத்துவதில் நீ கூடுதலாக எந்தத் தடையும் போடக்கூடாது என்கிறது. 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் இதே கட்டளை இருக்கிறது. நிரலைப் பெற்றவர் படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். இடையில் நிற்பவர் கை நீட்டி மறிக்கக்கூடாது.

இப்போது ரெட் ஹேட்டின் காகிதங்களைப் பார்ப்போம். மென்பொருளோடு வரும் உரிம ஒப்பந்தத்தில், ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய கட்டற்ற உரிமத்தின் உரிமைகளை இது குறைக்காது என்று எழுதியிருக்கிறார்கள். மனம் குளிர்கிறது. அதோடு சேர்ந்து வரும் சந்தா ஒப்பந்தத்தைப் பிரித்தால், சந்தாவின் வழியாகக் கிடைப்பதை மறுவினியோகத்துக்குப் பயன்படுத்துவது ஒப்பந்த மீறல் என்று இருக்கிறது. மீறினால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். முறித்தால் அடுத்த நாள் வரும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காது. உதவிக்குக் கூப்பிட்டால் பதில் வராது. சர்வர் நடுத்தெருவில் நிற்கும். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை நமக்குப் புதிதல்ல. இங்கே பூசாரி வரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தினால் நாளையிலிருந்து கோயிலுக்குள் வராதே என்கிறார்.

இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு சர்வருக்குச் சந்தா வாங்கியவர், அதே மென்பொருளை இன்னும் ஒன்பது சர்வரில் நிறுவிக்கொண்டால், அந்த ஒன்பதுக்கும் சந்தா கட்டியாகவேண்டும். எத்தனை சர்வரில் ஓடுகிறது என்று வந்து கணக்குப் பார்க்கும் உரிமையையும் நிறுவனம் வைத்துக்கொண்டிருக்கிறது. எந்த நோக்கத்துக்காகவும் இயக்கலாம், எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் கட்டற்ற மென்பொருளின் அரிச்சுவடி. பிரதிக்குப் பிரதி தலை எண்ணி வரி வசூலிப்பது மூடிய மென்பொருள் கம்பெனிகளின் பழக்கம். விண்டோஸ் சர்வர் வாங்கிய கையோடு தணிக்கைக் கடிதம் பார்த்து நொந்தவர்களுக்கு இந்த ஷரத்து நன்றாகவே பரிச்சயம்.

ரெட் ஹேட்டின் வாதத்தையும் பதிவுசெய்கிறோம். “உன் கையில் இருக்கும் பிரதியின் மீதான உன் உரிமையை நான் தொடவே இல்லை. அதை நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடு. நாளைக்கு உன்னோடு வியாபாரம் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது என் இஷ்டம்” என்பதுதான் அதன் சாரம். எங்கள் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர் இதே வாதத்தை எழுப்பி, சட்டப்படி சரியாக இருக்கும்போது கண்டனம் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு மணி நேரம் அதிலேயே போனது.

சட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. இதற்கு முன்பு ‘ஜிஆர்செக்யூரிட்டி’ என்ற கெர்னல் பாதுகாப்புத் திருத்தத்தை விற்ற நிறுவனம் இதே மாதிரி ஒப்பந்தம் போட்டது. பிறருக்குக் கொடுத்தால் அடுத்த பதிப்பு உனக்கு இல்லை என்றது. அது ஜிபிஎல்லுக்கு முரணானது என்று தான் கருதுவதாக ஓப்பன் சோர்ஸ் வரையறையை எழுதிய புரூஸ் பெரன்ஸ் 2017-இல் எழுதினார். நிறுவனம் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டது. வழக்கு தள்ளுபடியானது, 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நீதிமன்றம் தெரிந்துகொள்ள விரும்பியது பெரன்ஸ் சொன்னது கருத்தா அவதூறா என்பதை மட்டும்தான். அந்த ஒப்பந்தம் ஜிபிஎல்லை மீறுகிறதா என்ற கேள்விக்குள் அது நுழையவில்லை. உரிமங்களைக் காக்கும் பணியில் அனுபவம் மிக்க சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பும் ஜூன் மாத அறிவிப்பு வந்த இரண்டாம் நாளே விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டது. பார்ப்பதற்கும் நடப்பதற்கும் மூடிய மென்பொருள் வியாபாரம் போலவே இருந்துகொண்டு, ஜிபிஎல்லின் விளிம்பைத் தாண்டாமலிருக்க ரெட் ஹேட் இருபது ஆண்டுகளாகப் பழகிவருகிறது என்பது அதன் மதிப்பீடு.

விளிம்பைத் தாண்டினார்களா என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். எங்கள் சங்கம் நீதிமன்றம் அல்ல. ஒரு சர்வர் பொறுப்பாளர் காலையில் வேலைக்கு வந்து உட்காரும்போது, கையிலிருக்கும் நிரலைப் பக்கத்து அலுவலக நண்பருக்குக் கொடுக்கத் துணிவாரா மாட்டாரா என்பதுதான் எங்களுக்குத் தெரியவேண்டியது. துணியமாட்டார். நூறு சர்வரின் சந்தாவைப் பணயம் வைத்து யாரும் ஒரு உரிமையைப் பயன்படுத்திப் பார்க்கமாட்டார்கள். பயன்படுத்தினால் தண்டனை உண்டு என்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட உரிமை சுவரில் மாட்டிய படம் மாதிரி. மூத்த உறுப்பினர் இறுதியில் தீர்மானத்துக்கு ஆதரவாகவே கை தூக்கினார் என்பதையும், ‘சட்டவிரோதம்’ என்ற சொல்லை அவர் கேட்டுக்கொண்டபடி அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டோம் என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்தது, மாற்றாக நீட்டப்படும் சென்ட் ஓஎஸ் ஸ்ட்ரீம். அதில்தான் எல்லா நிரலும் இருக்கிறதே, பிறகென்ன குறை என்கிறார்கள். ஒரு மூலநிரல் பேக்கேஜைத் திறந்து பார்த்தவர்களுக்குக் குறை தெரியும். அதற்குள் மூன்று வகைச் சரக்கு இருக்கும். மூல ஆசிரியர் வெளியிட்ட நிரல், அப்படியே கட்டி வைத்த ஒரு பொட்டலமாக. அதன் மேல் ஒட்டவேண்டிய திருத்தத் துண்டுகளான பேட்ச்கள், சில பேக்கேஜில் ஒன்றிரண்டு, சிலவற்றில் நூற்றுக்கணக்கில். பிறகு ‘ஸ்பெக்’ என்ற ஒரு கோப்பு: எந்த வரிசையில் ஒட்டவேண்டும், எந்தத் தெரிவுகளோடு தொகுக்கவேண்டும் என்ற பக்குவக் குறிப்பு. அந்தக் கோப்பின் அடியில், எந்தத் தேதியில் எந்தப் பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். உங்கள் சர்வரில் ஓடுவது எது என்று அறிய அந்தக் குறிப்பிட்ட பேக்கேஜின் அந்தக் குறிப்பிட்ட பதிப்பு வேண்டும். ஸ்ட்ரீம் என்பது அடுத்த சிறு பதிப்புக்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பு. இலையில் விழுந்தது அதே குழம்புதான் என்று சமையல்காரர் சொல்வதை நம்பிக்கொள்ளவேண்டியதுதான்.

காலக்கணக்கு இன்னும் மோசம். 2019 மே மாதம் வந்த எட்டாம் பதிப்புக்கு ரெட் ஹேட் 2029 வரை பராமரிப்புத் தருகிறது. அதற்கு இணையான ஸ்ட்ரீம் எட்டு 2024 மே மாதத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு அந்த இயங்குதளத்தில் செய்யப்படும் திருத்தங்களின் நிரலை ரெட் ஹேட் பொதுவெளியில் வைக்கப்போவதில்லை. ஆயுளில் சரிபாதி.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. ஒரு காலத்தில் ரெட் ஹேட்டின் எஃப்டிபி தளத்தில் மூலநிரல் பேக்கேஜ்கள் வரிசையாகக் கிடக்கும், யாரும் எடுக்கலாம். 2004-இல் தொடங்கிய சென்ட் ஓஎஸ் குழு அவற்றை எடுத்து, ரெட் ஹேட்டின் பெயரையும் லோகோவையும் நீக்கி, மறுபடி தொகுத்து வெளியிட்டது. வணிகச் சின்னத்தைக் காரணம் காட்டி வக்கீல் நோட்டீஸ் வந்ததும் ரெட் ஹேட் என்ற பெயரைக்கூடச் சொல்லாமல், ‘பிரபலமான ஒரு வட அமெரிக்க லினக்ஸ் நிறுவனம்’ என்று தளத்தில் எழுதிக்கொண்டார்கள். கணவர் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பாட்டிகளின் உத்தி. ஊரே சிரித்தது; வேலையும் நடந்தது. பெயரும் லோகோவும் நிறுவனத்தின் சொத்து, நிரல் எல்லோருக்கும் உரியது என்ற கோடு அப்போது தெளிவாக இருந்தது. அந்தக் கோட்டை மதித்து வாழ்ந்தவர்கள்தாம் இன்று குற்றவாளிகளாகச் சித்தரிக்கப்படுகிறார்கள்.

2011-இல் முதல் சறுக்கல். அதுவரை கெர்னலின் பேட்ச்கள் தனித்தனியாக, எது எதற்காக என்ற குறிப்போடு வந்தன. ஆறாம் பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகப் பிசைந்து கொடுத்தார்கள். நிரல் கிடைக்கிறது, ஆனால் எந்தத் திருத்தம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. ஆரக்கிள் போன்ற போட்டியாளரைத் தடுக்கத்தான் என்று விளக்கம் சொன்னார்கள். 2014-இல் சென்ட் ஓஎஸ் குழுவையே தங்களுக்குள் இழுத்துக்கொண்டார்கள். பாராட்டினோம். நாங்களும் அன்று கைதட்டியவர்கள்தாம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2018 அக்டோபரில் ஐபிஎம் நிறுவனம் ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2019 ஜூலையில் கை மாறியது.

பிறகு 2020 டிசம்பர் 8. சென்ட் ஓஎஸ் எட்டு 2029 வரை வரும் என்று நம்பி நிறுவியவர்களிடம், 2021 டிசம்பர் 31-ஓடு முடிகிறது என்றார்கள். ஏழு ஆண்டுக்கு மேல் ஒரே அறிவிப்பில் காணாமல் போனது. இதில் யார் யார் அடிபட்டார்கள் என்பதற்கு ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தின் கதை போதும். செர்னும் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடமும் 2004 முதல் சயின்டிஃபிக் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நடத்தி வந்தன. ரெட் ஹேட்டின் நிரலைத் தொகுத்து, துகள் இயற்பியலுக்கு வேண்டியதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 2012-இல் ஹிக்ஸ் போசான் துகள் கண்டறியப்பட்டபோது, அந்தத் தரவை அலசிய உலகளாவிய கணினிக் கூட்டத்தில் பெரும்பகுதி அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2019 ஏப்ரலில், சென்ட் ஓஎஸ்தான் இருக்கிறதே, நாம் ஏன் தனியாக ஒன்றைக் கட்டி மேய்க்கவேண்டும் என்று அடுத்த பதிப்பைக் கைவிட்டார்கள். இருபதே மாதத்தில் சென்ட் ஓஎஸ் கைவிடப்பட்டது. சொந்த வீட்டை இடித்துவிட்டுக் குடிபோன வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட கதை. 2022 டிசம்பரில் இரு ஆய்வுக்கூடங்களும், ரெட் ஹேட்டின் நிரலை அதேபோல் மறுதொகுத்துவந்த ஆல்மா லினக்ஸுக்கு மாறுவதாக அறிவித்தன. ஆறு மாதம் கழித்து, ஆல்மா எடுத்துவந்த நிரலுக்கும் கதவு சாத்தப்பட்டது.

2023 ஜூன் 26 அன்று வெளியிட்ட இரண்டாம் விளக்கத்தில், நிரலை எடுத்து அப்படியே மறுபடி தொகுப்பவர்களால் எந்த மதிப்பும் கூடுவதில்லை என்றும், உழைப்புக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்களும் பிறர் உழைப்பில் லாபம் பார்ப்பவர்களும்தான் கோபப்படுகிறார்கள் என்றும் ரெட் ஹேட் தரப்பு எழுதியது. இந்த வரிகள்தாம் எங்கள் உறுப்பினர்களை அதிகம் புண்படுத்தின. லினக்ஸ் கெர்னலை ரெட் ஹேட் தொடங்கவில்லை. ஜிசிசியையும் பாஷ் என்ற கட்டளைக் கருவியையும் தொடங்கவில்லை. எங்கோ யாரோ எழுதிக் கொடுத்த ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை எடுத்து, சோதித்து, தொகுத்து, முத்திரை குத்தி விற்கும் தொழில் அது. மதிப்புள்ள தொழில்தான். ஆனால் அந்தத் தொழிலின் முதலே, எடுத்துக்கொள் என்று பிறர் கொடுத்த உரிமைதான். அதே உரிமையைத் தனக்கு அடுத்த படியில் நிற்பவன் கேட்கும்போது ஓசிச் சாப்பாட்டுக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்? தமிழாக்கக் கோப்பை நாங்கள் அனுப்பியபோது, மதிப்புக் கூட்டினாயா என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. எங்கள் தமிழாக்கத்தை எடுத்தவர்களிடம் நாங்களும் அதைக் கேட்கவில்லை.

மறுபக்கத்தில் நிற்கும் எல்லோரும் உத்தமர்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஜூலை 10 அன்று ஆரக்கிள் நிறுவனம் லினக்ஸின் சுதந்திரத்துக்காகக் கண்ணீர் வடித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். 2010-இல் ஓப்பன் சோலாரிஸ் என்ற திறந்த இயங்குதளத்தை இழுத்து மூடியவர்கள் அவர்கள். மறுநாள் சூசே நிறுவனம் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ரெட் ஹேட்டுக்கு இணையான தனிக் கிளையை நடத்தப்போவதாக அறிவித்தது. அதற்கும் வியாபாரக் கணக்கு இருக்கும். ஆல்மாவைப் போலவே மறுதொகுக்கும் ராக்கி லினக்ஸ், கன்டெய்னர் படிமங்களிலிருந்தும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் மேகக்கணினிகளிலிருந்தும் நிரலைப் பெறுவோம் என்றது. ஆல்மா, இனி அச்சு அசலான நகலாக இருக்கமாட்டோம், ஒத்துப்போகும்படி மட்டும் இருப்போம் என்று ஜூலை 13 அன்று சொல்லிவிட்டது. இவர்களில் யார் நல்லவர் என்று சான்றிதழ் கொடுக்க இந்த அறிக்கை எழுதப்படவில்லை.

வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. பெருங்கணினிக் காலத்தில் ஐபிஎம் தன் மென்பொருளை மூலநிரலோடு கொடுத்துவந்தது. வாடிக்கையாளர்கள் பிழை திருத்தி ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். அதற்காகவே 1955-இல் ‘ஷேர்’ என்ற பயனர் சங்கம் உருவானது. எங்களைப் போன்ற சங்கங்களுக்கெல்லாம் அதுதான் பாட்டி. 1983 பிப்ரவரியில் ஐபிஎம் அந்த வழக்கத்தை நிறுத்தி, இனி இயங்கு நிரல் மட்டும்தான், மூலநிரல் இல்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். நாற்பது ஆண்டு கழித்து, அந்தக் குனுவின் மேல் கட்டிய இயங்குதளத்தை ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்று கதவுக்குள் வைத்துப் பூட்டுகிறது. அறிவிப்பை எழுதியவர்களுக்கு இந்த ஆண்டுக் கணக்கு நினைவுக்கு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

பதினாறு கணினிகள் வரை தனிநபர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்த 2021 முதல் சலுகை தந்திருக்கிறோமே என்று ரெட் ஹேட் நினைவூட்டுகிறது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டவேண்டாம். பதினாறு பிரதிக்கு அனுமதி கொடுக்க அவர்கள் யார்? ஜிபிஎல் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. இலவசமாகக் கொடுத்தால் கட்டற்றதாகிவிடும் என்ற குழப்பத்தை வளர்க்கிற சலுகை இது. நாளைக்கு எட்டாகக் குறைக்கலாம், மறுநாள் நிறுத்தலாம். சலுகைக்கு ஆயுள், கொடுப்பவரின் மனம் மாறும் வரைதான்.

எங்கள் பக்கத்துத் தவறும் ஒன்று இருக்கிறது; அதை மறைத்துவிட்டுக் கண்டிப்பது அழகல்ல. பதினாறு ஆண்டுகள் சென்ட் ஓஎஸ்ஸை எடுத்து நிறுவினோம். கல்லூரிகளில், அச்சகங்களில், பத்திரிகை அலுவலகங்களில், சின்னச் சின்ன மென்பொருள் கம்பெனிகளில் எல்லாம் அதுதான். அதை நடத்தியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை. பிழை கண்டபோது பதிவுசெய்யச் சோம்பினோம். விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள் சுமந்த தேரை ஊர் கூடி இழுத்திருந்தால், 2014-இல் அது ஒரு நிறுவனத்தின் கொட்டகைக்குள் போயிருக்காது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல் 1993 முதல் நடக்கிறது. எங்களில் பலர் அதைத் தொடாததற்குக் காரணம், வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ரெட் ஹேட் சான்றிதழ் கேட்டார்கள் என்பது மட்டும்தான். சான்றிதழ்ப் பயிற்சி நடத்தும் மையங்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்ததில் எங்கள் சங்கத்துக்கும் பங்குண்டு. அடுத்த மாதம் முதல் எங்கள் சனிக்கிழமை வகுப்புகள் டெபியனில் நடக்கும்.

எனவே செயற்குழு கேட்பது இதுதான். மறுவினியோகத்தைச் சந்தா ரத்தோடு முடிச்சுப் போடும் ஷரத்தை ரெட் ஹேட் நீக்கவேண்டும். பொதுத் தளத்தில் நிரலைப் போட மனமில்லையென்றால் போடவேண்டாம். பெற்றவர் கொடுப்பதைத் தடுக்காமலிருந்தால் போதும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு பிரதிக்கும் தலைவரி கேட்கும் ஷரத்தை, பராமரிப்புச் சேவை பெறும் சர்வர்களோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். இவற்றைச் செய்ய இயலாதென்றால், விளம்பரங்களில் இந்த இயங்குதளத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓப்பன் சோர்ஸ் என்ற சொல்லைப் போடுவதையாவது விட்டுவிடவேண்டும். சந்தா மென்பொருள் என்று நேர்மையாக விற்றால் நாங்கள் வாய் திறக்கமாட்டோம்.

அரசுத் துறைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கொள்முதல் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தப்புள்ளியில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று எழுதிவிட்டு, வருவது எதுவோ அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: “இந்த மென்பொருளின் மூலநிரலை நான் பெற்று, இன்னொரு துறைக்குக் கொடுத்தால், என் சந்தா தொடருமா?” பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் தர மறுத்தால் அதையும் கோப்பில் குறித்து வையுங்கள்.

உறுப்பினர்களுக்கு: சென்ட் ஓஎஸ் ஏழின் பராமரிப்பு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. உங்கள் பொறுப்பில் இருக்கும் சர்வர்களில் எத்தனை இன்னும் அதில் ஓடுகின்றன என்ற பட்டியலை ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்குள் செயலாளரிடம் கொடுங்கள். எதற்கு மாறுவது, யார் யாருக்கு உதவுவது என்று அங்கே முடிவுசெய்வோம்.

இப்படிக்கு,
செயற்குழுவுக்காகத் தலைவர், செயலாளர்